வேலைக்குப் போறோமா, வேலை எடுத்துச் செய்யறோமா: வரி கணக்குல நம்ம இடம் எதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

போன ஜூலைல, குன்னூர்ல சாரல் விட்டு விட்டு அடிச்சிட்டிருந்த ஒரு சாயங்காலம், ஒரு மியூசிக் டீச்சர் என்கிட்ட வந்தாங்க. நான் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு சின்ன ரூம்ல கணக்கு எழுதறது, ரிட்டர்ன் போடறது, அதாவது வருஷ வருமானக் கணக்க வரி டிபார்ட்மென்ட்டுக்கு காட்டறதுன்னு பண்ணிட்டிருக்கேன். குடைய வாசல்ல சாத்தி வச்சிட்டு, பிளாஸ்டிக் கவர்குள்ள நனையாம மடிச்சு வச்சிருந்த ஒரு பேப்பர எடுத்து நீட்டினாங்க. "அக்கா, ஆறு வருஷமா ஒரே ஸ்கூல்லதான் வேலை பாக்கறேன், மத்தவங்களுக்கெல்லாம் ஃபார்ம் 16 குடுத்தாங்க, எனக்கு மட்டும் இத குடுத்து நீங்க காண்ட்ராக்ட்ல இருக்கீங்கன்னு சொல்றாங்க. நான் என்னக்கா காண்ட்ராக்ட் எடுத்தேன்?"

அது ஃபார்ம் 16ஏ. ஃபார்ம் 16 சம்பளத்துல பிடிச்ச வரிக்கு குடுக்கற சான்று, 16ஏ சம்பளம் இல்லாத காசுல பிடிச்சதுக்கு. ஒரே ஒரு எழுத்துதான் கூட. ஆனா அந்த ஒரு எழுத்தால மாசம் 40,000 சம்பளத்துல 4,000 பிடிச்சிட்டு 36,000தான் அவங்க கைக்கு வந்திட்டிருந்துச்சு.

அதே வாரம் கோத்தகிரில இருந்து ஒரு தம்பி வந்தான். பெங்களூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே சாஃப்ட்வேர் வேலை, மாசம் ஒன்றரை லட்சம். அவனுக்கு நேர் எதிர் ஆசை. "அக்கா, நான் ஃப்ரீலான்சர், லெட்டர்லயே கன்சல்டன்ட்னு போட்டிருக்கு, பாதிய லாபமா காட்டினா வரியே வராதாமே, அப்படியே போட்டுருங்க"ன்னான்.

ரெண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்தான். நான் ஊழியரா, இல்ல சொந்தமா தொழில் பண்றவரா? இத பத்தி டீக்கடைல இருந்து வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் எல்லாரும் பேசறாங்க, ஆனா பேசறதுல முக்காவாசி தப்பா இருக்கு, அந்த தப்பால பணம் போறது என்னவோ இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான், அதனாலதான் உக்காந்து எழுதிட்டேன். வரின்னா என்னன்னே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி அடியில இருந்து சொல்றேன்.

முதல்ல தேயிலைத் தோட்டத்துக்கு போவோம்

எங்கம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்க. காலைல செக்ரோல்ங்கற வருகைப் பதிவுல பேர் விழணும், இன்னைக்கு எந்த நம்பர் காடுன்னு மேஸ்திரி சொல்லுவார், எந்த வரிசைல நிக்கணும்னும் அவர்தான் சொல்லுவார். கத்தரி எஸ்டேட்டோடது. ரெண்டு இலை ஒரு மொட்டு விட்டு முத்தல் இலை கலந்துட்டா நிறுக்கற இடத்துல கணக்கு எழுதற ரைட்டர் சத்தம் போடுவார். இத்தன கிலோவுக்கு மேல எடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு கூடுதல் காசு உண்டு. உடம்பு முடியலன்னா சொல்லிட்டு லீவ் போடணும், பதிலுக்கு எங்க சித்திய அனுப்பி வைக்க முடியாது.

அதே காட்டுக்கு கவாத்து வெட்ட ஒரு ஆள் வருவார். மேனேஜர் கூட பேசி மூணு ஏக்கர் இவ்வளவுன்னு மொத்தமா ரேட் முடிச்சுக்குவார். மெஷின் அவரோடது, பெட்ரோல் அவர் காசு, கூட அஞ்சு பேர கூட்டிட்டு வருவார், அவங்களுக்கு கூலி குடுக்கறதும் அவர்தான். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கறாரா ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கறாரான்னு யாரும் கேக்க மாட்டாங்க. செடி எந்த உயரத்துல நிக்கணும், என்னைக்குள்ள முடியணும், அவ்வளவுதான் பேச்சு. மழை வந்து மூணு நாள் வேலை நின்னா நஷ்டம் அவருக்கு, சீக்கிரம் முடிச்சா மிச்சமும் அவருக்கு. நாளைக்கு அவர் வரலன்னாலும் தம்பிய அனுப்பினா வேலை நடந்துரும்.

ரெண்டு பேரும் அதே மண்ணுல, அதே செடில, அதே எஸ்டேட் காசுலதான் வேலை செய்றாங்க. ஆனா அம்மா வேலைக்குப் போனாங்க, கவாத்துக்காரர் வேலையை எடுத்துச் செஞ்சார். நம்ம பேச்சுலயே இந்த வித்தியாசம் இருக்கு பாருங்க, "அவர் அங்க வேலைக்கு இருக்கார்"னு சொல்றதும் "அந்த வேலைய அவர் எடுத்திருக்கார்"னு சொல்றதும் வேற வேற. வரிச் சட்டம் கேக்கறதும் இத தான்.

இன்னொன்னயும் கவனிங்க. அம்மாவுக்கு கிலோ கணக்குல கூடுதல் காசு வந்ததால அவங்க காண்ட்ராக்டர் ஆயிடல. காசு எப்படி கணக்கு பண்றாங்கங்கறது மட்டும் எதையும் முடிவு பண்ணாது. இத மனசுல வச்சுக்கங்க, அப்புறம் வேணும்.

சட்டம் வச்சிருக்கற ரெண்டு பெயர்

வேலைக்குப் போறதுக்கு சட்டத்துல ஊழிய ஒப்பந்தம்னு சொல்லலாம். அதாவது ஒருத்தர் தன்னோட உழைப்பையும் நேரத்தையும் இன்னொருத்தர் சொல்படி நடக்கறதுக்கு குடுக்கறது. இதுல வர்ற காசு சம்பளம்.

வேலையை எடுத்துச் செய்யறது சேவை ஒப்பந்தம். இன்ன வேலைய முடிச்சுத் தர்றேன், எப்படி முடிக்கறேங்கறது என் பாடுன்னு ஒத்துக்கறது. இதுல வர்றது தொழில் வருமானம்.

எது எதுன்னு பிரிக்கறதுக்கு வருமான வரிச் சட்டத்துல ரெடியா ஒரு பட்டியல் கிடையாது. ஊழியர் முதலாளி உறவு இருந்தா சம்பளம், இல்லன்னா இல்ல, அவ்வளவுதான். அந்த உறவு இருக்கா இல்லையான்னு பாக்கற முறைய கோர்ட்டுங்கதான் வழக்கு வழக்கா உருவாக்கியிருக்கு. 1956ல தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ்னு ஒரு சுப்ரீம் கோர்ட் வழக்கு, குஜராத் பக்கம் உப்பளத்துல வேலை செஞ்ச அகாரியாங்கன்னு சொல்ற தொழிலாளிங்களோடது. உப்பு எடைக்குத்தான் அவங்களுக்கு காசு, குடும்பத்த கூட்டிட்டு வந்து வேலை செய்வாங்க, நேரக் கணக்கு கிடையாது. அதனால இவங்க காண்ட்ராக்டருங்கன்னு கம்பெனி சொன்னுச்சு. கோர்ட் ஒத்துக்கல. என்ன வேலைன்னு மட்டும் இல்லாம அத எப்படி செய்யணும்னும் கம்பெனி ஒவ்வொரு கட்டத்துலயும் பாத்துட்டு இருந்துச்சு, அதனால தொழிலாளிங்கதான்னு சொல்லிருச்சு.

1973ல சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. துணிக்கு இவ்வளவுன்னு வாங்கற டெய்லருங்க, சில பேர் வீட்டுக்கு கூட எடுத்துட்டுப் போய் தைப்பாங்க. ஆனா மெஷின் கடைக்காரரோடது, தையல் சரியில்லன்னா திருப்பித் தைன்னு சொல்ற உரிமையும் அவருக்கு. அவங்களும் ஊழியருங்கதான்னு தீர்ப்பு. இந்த வழக்குல கோர்ட் ஒரு முக்கியமான விஷயம் சொன்னுச்சு: கட்டுப்பாடு மட்டுமே ஒரே அளவுகோல் இல்ல, எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாக்கணும்.

இது ரெண்டும் தொழிலாளர் சட்ட வழக்குங்க. ஆனா வரி வழக்குலயும் இதே கேள்விதான் வரும். 1972ல ராம் பிரஷாத் வழக்குல ஒரு கம்பெனி மேனேஜிங் டைரக்டர், லாபத்துல எனக்குன்னு பேசின கமிஷன் சம்பளம் இல்லன்னு வாதாடினார். அவரோட ஒப்பந்தத்தையும் கம்பெனிக்கு அவர் மேல இருந்த அதிகாரத்தையும் படிச்சுப் பாத்துட்டு, சம்பளம்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இதுவரைக்கும் சொன்னதோட சாரம்: பேப்பர்ல என்ன பேர்ங்கறதோ காசு கிலோவுக்கா மாசத்துக்காங்கறதோ முடிவு பண்றதில்ல. வேலை நிஜமா எப்படி நடக்குதுங்கறதுதான் முடிவு பண்ணுது.

உங்களுக்கு நீங்களே கேட்டுக்க வேண்டியது

முதல் கேள்வி, எப்படி செய்யணும்னு யார் சொல்றாங்க? இன்னது வேணும்னு எல்லாருமே சொல்லுவாங்க, வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வர்றவர்கிட்டயும் என்ன கலர்னு நாமதான் சொல்றோம், அதனால அவர் நம்ம ஊழியர் ஆயிடல. எந்த நேரத்துக்கு வரணும், எந்த வரிசைல செய்யணும், எங்க உக்காந்து செய்யணும், யார்கிட்ட கேட்டுட்டு லீவ் எடுக்கணும்ங்கறது வரைக்கும் போனா அது ஊழியர் பக்கம் சாயுது. டீச்சர்கிட்ட கேட்டேன். காலைல கேட்ல ரெஜிஸ்டர்ல சைன், டைம்டேபிள் ஸ்கூல் போடறது, எந்த கிளாஸுக்கு எந்த பாட்டுன்னு கூட மேல இருந்து வருது, லீவுக்கு பிரின்சிபாலுக்கு லெட்டர். பியானோவும் ஸ்கூலோடது. ஆண்டு விழாவுக்கு ஒரு மாசம் சாயங்காலம் ஆறு வரைக்கும் இருந்தாலும் தனியா காசு கிடையாது. இதுல காண்ட்ராக்ட் எங்க இருக்கு சொல்லுங்க.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா யாரும் இதுல பொய் சொல்ல முடியாது. நஷ்டம் வந்தா யாருக்கு? ஊட்டில டாக்ஸி ஓட்டறவங்கள எடுத்துக்கங்க. ரெண்டு பேரும் ஒரே டிராவல்ஸுக்குத்தான் ஓட்டறாங்கன்னு வச்சுக்குவோம். கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, மசினகுடிக்கு இறங்கி ஏறி இறங்கி ஏறி பிரேக் தேஞ்சு போச்சு. மாத்தறது யார் காசு? ஒருத்தர், ஓனர்கிட்ட சொன்னா அவர் மாத்திக் குடுப்பார்ங்கறார். அவருக்கு மாச சம்பளமும் பேட்டாவும், சீசன்ல டூரிஸ்ட் வரலன்னாலும் சம்பளம் உண்டு. இன்னொருத்தர், என் வண்டி, இஎம்ஐ, பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் என் தலைல, மே மாசம் நாலு காசு பாத்தாதான் நவம்பர் மழைல வண்டி நிக்கறப்போ வீடு ஓடும்ங்கறார். ரெண்டாவது ஆள்தான் தொழில் பண்றவர். லாபம் கூடறதுக்கும் வழி இருக்கு, கை விட்டுப் போறதுக்கும் வழி இருக்கு. ஊழியருக்கு இந்த ரெண்டுமே பெருசா கிடையாது.

அடுத்து, உங்களுக்கு பதிலா இன்னொருத்தர அனுப்ப முடியுமா? கோத்தகிரி தம்பிகிட்ட இத கேட்டப்போ சிரிச்சான். லாகின் அவன் முகத்த காட்டினாதான் திறக்குமாம். சரி, லேப்டாப் யாரோடது? கம்பெனி அனுப்பினது. நேரம்? பத்து மணி மீட்டிங் தப்பக்கூடாது, ஏழு வரைக்கும் ஆன்லைன்ல பச்சை விளக்கு எரியணும். வேற கம்பெனிக்கு வேலை செய்யலாமா? கூடாதுன்னு லெட்டர்லயே இருக்கு. லீவ்? மாசம் ஒண்ணரை நாள், மேனேஜர் அப்ரூவ் பண்ணணும். ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிட்டே வந்துச்சு.

பல பேருக்கு வேலை செய்யறீங்களாங்கறதும் ஒரு அறிகுறிதான், ஆனா அது மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ரெண்டு ஸ்கூல்ல பார்ட் டைமா சம்பளத்துக்கு இருக்கறவங்களும் உண்டு, ஒரே ஒரு கஸ்டமர வச்சு சொந்தமா தொழில் பண்றவங்களும் உண்டு. சொந்த கருவி, சொந்த இடம், நீங்களே ரேட் சொல்றது, பில் போடறது, எல்லாம் இதே மாதிரி. ஒவ்வொண்ணும் தராசுல ஒரு கல்லு. மொத்தமா எந்தத் தட்டு இறங்குதுன்னுதான் பாக்கணும்.

அப்புறம் இந்த முடிவு ஆளுக்கு இல்ல, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. அந்த டீச்சரே சாயங்காலம் வீட்ல எட்டு பசங்களுக்கு கீபோர்டு சொல்லித் தர்றாங்க, அதுக்கு ஃபீஸ் அவங்க வைக்கறது, நேரம் அவங்க வைக்கறது. அது தொழில் வருமானம். பகல்ல ஊழியர், சாயங்காலம் தொழில் பண்றவர். ரெண்டும் ஒரே ரிட்டர்ன்ல வேற வேற இடத்துல வரணும்.

சுருக்கமா, எப்படி செய்யணும்னு சொல்றது யாரு, நஷ்டம் யாருக்கு, பதில் ஆள் அனுப்ப முடியுமா. இந்த மூணையும் கேட்டாலே முக்காவாசி பேருக்கு விடை தெரிஞ்சிரும்.

எதெல்லாம் சாட்சி ஆகாது

இங்கதான் குழப்பம் ஜாஸ்தி. முதல்ல டிடிஎஸ். காசு குடுக்கறவங்க நம்ம கைக்கு தர்றதுக்கு முன்னாடியே ஒரு பங்க பிடிச்சு நம்ம பான் நம்பர்ல அரசாங்கத்துக்கு கட்டிடறதுக்குப் பேர்தான் டிடிஎஸ். சம்பளம்னா 192வது செக்‌ஷன்ல பிடிப்பாங்க, வருஷத்துக்கு மொத்தமா எவ்வளவு வரி வருமோ அத மாசமாசம் பிரிச்சு. வரியே வராதுன்னா பிடிக்கவும் மாட்டாங்க. தொழில்முறை ஃபீஸ்னா 194ஜே, பொதுவா 10 சதவீதம், ஒரே ஆள்கிட்ட இருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினா பிடிக்கணும். காண்ட்ராக்ட் வேலைன்னா 194சி, தனி ஆளுக்கு 1 சதவீதம். சம்பளத்துக்கு ஃபார்ம் 16, மத்ததுக்கு ஃபார்ம் 16ஏ.

இப்போ ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னா, 194ஜேல பிடிச்சிட்டாங்க, அதனால நான் தொழில் பண்றவன்னு. அது தலைகீழ். நீங்க யாருங்கறத வச்சுத்தான் எந்த செக்‌ஷன்ல பிடிக்கணும்னு வரணும். ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறவர் எந்த பட்டன அழுத்தினாருங்கறது உங்க நிலைய மாத்தாது. அவர் தப்பா அழுத்தியிருக்கலாம், இல்ல பிஎஃப், கிராஜுவிட்டி, லீவ் சம்பளம்னு எதுவும் தர வேண்டாம்னு நிர்வாகமே அப்படி அழுத்தச் சொல்லியிருக்கலாம். ரெண்டாவதுதான் நான் அதிகமா பாக்கறேன், மனசுக்கு கஷ்டமா இருக்கு.

10 சதவீதம் பிடிச்சாச்சு, வரி முடிஞ்சுதுன்னு நினைக்கறதும் தப்பு. அது அட்வான்ஸ் மாதிரி, கணக்கு ரிட்டர்ன்லதான் முடியும். கூட பிடிச்சிருந்தா திரும்ப வரும், ஆனா ரிட்டர்ன் போட்டாதான் வரும். வரி வராத அளவுக்கு சம்பாதிக்கறவங்க, நமக்கு எதுக்கு ரிட்டர்ன்னு விட்டுட்டு, பிடிச்ச காச அப்படியே கை கழுவினத நான் நிறைய பாத்திருக்கேன்.

பிஎஃப் இல்லன்னா ஊழியர் இல்லன்னு சொல்றதும் சரியில்ல. 20 பேருக்கு கீழ வேலை பாக்கற இடத்துக்கு பிஎஃப் கட்டாயமே இல்ல, புதுசா சேரும்போதே 15,000க்கு மேல சம்பளம் வாங்கறவங்கள சேக்காமயும் விடலாம். நம்ம மலைல இருக்கற காட்டேஜ், பேக்கரி, சின்ன கிளினிக் எல்லாத்துலயும் பிஎஃப் இல்லாத ஊழியருங்க இருக்காங்க, அவங்க வாங்கறது சம்பளம்தான்.

லெட்டர்ல கன்சல்டன்ட், ரீடெய்னர், அசோசியேட்னு போட்டிருக்கறதும் அப்படித்தான், முதல் பக்கத்துல இருக்கற பேர விட உள்ள இருக்கற நிபந்தனைதான் கணக்கு. கையெழுத்துப் போட்டுட்டோமே இனி என்ன பண்றதுன்னு பயப்பட வேண்டாம்.

நீலகிரில மட்டும் கேக்கற ஒண்ணையும் சொல்லிடறேன். தேயிலை வருமானத்துக்கு வரி கிடையாது, நான் எஸ்டேட்ல ரைட்டர், எனக்கும் கிடையாதான்னு கேப்பாங்க. சொந்த தோட்டத்துல பறிச்ச பச்சைத் தேயிலைய ஃபேக்டரிக்கு போடறவங்களுக்கு அது விவசாய வருமானம். எஸ்டேட்ல வேலை பாத்து வாங்கற சம்பளம் விவசாய வருமானம் இல்ல.

பணத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்

கோத்தகிரி தம்பி கணக்கயே போட்டுக் காட்டறேன், 2025-26 வருஷத்துக்கு, புது வரி முறைல. வருஷத்துக்கு 18 லட்சம்.

அது சம்பளம்னா, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 கழியும். சம்பளக்காரங்க எந்த பில்லும் காட்டாம கழிச்சுக்கற தொகை அது. மிச்சம் 17,25,000. ஸ்லாப் படி, அதாவது வருமானம் கூடக் கூட சதவீதமும் கூடற அடுக்குப்படி, வரி 1,45,000, அதுக்கு மேல செஸ்ங்கற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக 1,50,800.

அதையே 44ஏடிஏன்னு ஒரு செக்‌ஷன்ல காட்டினா? சில குறிப்பிட்ட தொழில்முறை ஆளுங்க செலவுக் கணக்கெல்லாம் வைக்காம, வந்த காசுல பாதிய லாபம்னு காட்டிக்கலாம்னு சொல்ற சலுகை அது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், ஐடி வேலைன்னு ஒரு பட்டியல் இருக்கு, வருஷ வரவு 50 லட்சத்துக்குள்ள இருக்கணும், கேஷ் வரவு 5 சதவீதம் தாண்டலன்னா 75 லட்சம். தம்பிக்கு 18ல பாதி 9 லட்சம். புது முறைல 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கறதால வரி பூஜ்யம்.

ஒன்றரை லட்சம் வித்தியாசம். ஆசை வரத்தான் செய்யும், நான் அவன தப்பு சொல்லல. ஆனா அந்த சலுகை சொந்தமா ஆபீஸ் வச்சு, கம்ப்யூட்டர் வாங்கி, ஆள் வச்சு, வேலை இல்லாத மாசத்தையும் சமாளிக்கறவங்களுக்காக வச்சது. கம்பெனி லேப்டாப்ல கம்பெனி சொன்ன நேரத்துக்கு வேலை பாக்கறவருக்கு இல்ல. எது லாபமோ அத தேர்ந்தெடுக்கற விஷயமும் இல்ல இது. அது சம்பளம்னு பின்னாடி டிபார்ட்மென்ட் முடிவு பண்ணா விட்டுப்போன வரி, வட்டி, அதுக்கு மேல அபராதம், வருமானத்த குறைச்சுக் காட்டினதுக்கு அந்த வரில 50 சதவீதம், தெரிஞ்சே தப்பா காட்டினதுன்னா 200 சதவீதம் வரைக்கும் போகும். "எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, நோட்டீஸ் வரல"ன்னான். நோட்டீஸ் வராதது சரின்னு அர்த்தம் இல்ல தம்பின்னேன், ரிட்டர்ன் போட்டு சில வருஷம் கழிச்சும் கேக்கலாம்.

நிஜமாவே தொழில் பண்றவங்களுக்கு பொறுப்பும் கூட. டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வரி வரும்னா முன்கூட்டியே கட்டணும், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்னு நாலு தவணை, 44ஏடிஏ எடுத்தவங்க மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டலாம். கட்டலன்னா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கணும். ஊழியர் முதலாளிக்கு செய்யற வேலைக்கு ஜிஎஸ்டி கிடையவே கிடையாது. ஃபார்மும் வேற: சம்பளம் மட்டும்னா ஐடிஆர்-1, 44ஏடிஏ மாதிரி சலுகைன்னா பொதுவா ஐடிஆர்-4, முழு கணக்கு காட்டினா ஐடிஆர்-3.

ஒரு சின்ன குறிப்பு. நான் சொல்ற நம்பரெல்லாம் 1961 சட்டத்தோடது, 2026 மார்ச் 31 வரைக்கும் சம்பாதிச்சதுக்கு அதுதான். 2026 ஏப்ரல் 1ல இருந்து 2025 வருமான வரிச் சட்டம் வந்திருக்கு, அதுல சம்பள டிடிஎஸ் 392, மத்ததெல்லாம் 393. நம்பர் மாறினாலும் ஊழியரா தொழில் பண்றவராங்கற கேள்வி மாறல.

நடுவுல நிக்கறவங்க

எல்லாருக்கும் இவ்வளவு தெளிவா இருக்காது. புதன்கிழமை மட்டும் கோயமுத்தூர்ல இருந்து மேல வர்ற ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், பேஷன்ட் ஃபீஸ்ல ஒரு பங்கு வாங்கிட்டு போறார். அதே ஆஸ்பத்திரில ராத்திரி ட்யூட்டி பாக்கற டாக்டருக்கு மாச சம்பளம். ரெண்டு பேரும் டாக்டர், ஆனா வேற வேற. இந்த மாதிரி ஒரு வழக்கு பம்பாய் ஹை கோர்ட் வரைக்கும் போய், ஃபீஸுல பங்கு வாங்கற கன்சல்டன்ட் டாக்டருங்க ஊழியர் இல்லன்னு 2015ல தீர்ப்பு வந்துச்சு, அப்பவும் ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்துத்தான் சொன்னாங்க.

ரிசார்ட்ல சீசனுக்கு மட்டும் வர்ற குக் எப்படி? ரெண்டு மாசம்தான்னாலும் அவங்க கிச்சன், அவங்க மெனு, அவங்க ஷிஃப்ட்னா ஊழியர்தான். கொஞ்ச நாள் வேலைங்கறதால காண்ட்ராக்டர் ஆயிட மாட்டார். அதே ஆள் கல்யாணத்துக்கு தலைக்கு இவ்வளவுன்னு பேசி, பாத்திரம், ஆளுங்க, காய்கறி எல்லாம் அவரே கொண்டு வந்து சமைச்சா அது தொழில்.

ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குதுன்னு தோணினா, நிஜமாவே அப்படி இருக்கும், அப்போ ஒப்பந்தத்த எடுத்துட்டு ஒரு நல்ல ஆடிட்டர்கிட்ட போங்க. வாட்ஸ்அப்ல கேக்காதீங்க.

தப்பா போட்டிருந்தா என்ன செய்யறது

முதல்ல வருமான வரி போர்ட்டல்ல 26ஏஎஸ், ஏஐஎஸ் ரெண்டையும் இறக்கிப் பாருங்க. 26ஏஎஸ்ல உங்க பேர்ல யார் எவ்வளவு டிடிஎஸ் கட்டியிருக்காங்கன்னு இருக்கும், ஏஐஎஸ்ல உங்க பணத்தப் பத்தி டிபார்ட்மென்ட்டுக்கு தெரிஞ்சதெல்லாம் இருக்கும். எந்த செக்‌ஷன்னு அதுலயே வரும். பல பேருக்கு ஜூலைல என்கிட்ட வந்து உக்காந்தப்புறம்தான் தாங்க காண்ட்ராக்டரா ஆக்கப்பட்டிருக்கறதே தெரியுது. வருஷத்தோட முதல் மூணு மாச டிடிஎஸ் அதுல ஏறின உடனே ஒரு தடவ பாத்துட்டா வருஷம் பூரா தப்பா போகாம பிடிக்கலாம்.

தப்புன்னு தெரிஞ்சா வேலை குடுத்தவங்ககிட்ட எழுத்துல கேளுங்க. டிடிஎஸ் ஸ்டேட்மென்ட்ட திருத்தித் தர அவங்களால முடியும். திருத்தலன்னாலும் பிடிச்ச காசு போகாது, எந்த செக்‌ஷன்ல பிடிச்சிருந்தாலும் அது உங்க பேர்ல கட்டின வரிதான், மொத்த வரில கழிச்சுக்கலாம். ஆனா 194ஜேல பிடிச்சத சம்பளமா காட்டினா கணக்கு பொருந்தலன்னு கேள்வி வரலாம், அதுக்கு பதில் சொல்ல பேப்பர் வேணும். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், லீவ் கேட்ட லெட்டர், டைம்டேபிள், மேனேஜர் மெயில், பேங்க் ஸ்டேட்மென்ட். டீச்சர் ஆறு வருஷ டைம்டேபிளையும் ஒரு ஃபைல்ல வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணுலயும் பிரின்சிபால் கையெழுத்தும் சீலும். இத விட நல்ல சாட்சி என்ன வேணும்.

நிஜமாவே ஃப்ரீலான்சரா இருக்கணும்னு ஆசைப்படறவங்க, ரிட்டர்ன்ல மாத்தாதீங்க, வேலைல மாத்துங்க. வேலைக்கு இவ்வளவுன்னு ரேட் பேசுங்க, நேரத்த உங்க கைல வச்சுக்கங்க, சொந்த லேப்டாப், வேற கஸ்டமர் எடுக்கற உரிமை, தப்பு வந்தா உங்க செலவுல சரி பண்ணித் தர்றது, மாசமாசம் பில். தம்பிக்கு இததான் சொன்னேன். போன வருஷக் கணக்க சம்பளமாவே போட்டோம். 1,80,000 பிடிச்சிருந்தாங்க, வரி 1,50,800, மிச்சம் 29,200 திரும்ப வரணும்னு காட்டியிருக்கோம். அவன் முகம் அவ்வளவா தெளியல, ஆனா கம்பெனிக்கு மெயில் போட்டுட்டான், ஆஃபர் லெட்டர் குடுங்க இல்ல நேரக் கட்டுப்பாட்ட எடுங்க, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்கன்னு.

டீச்சருக்கு 48,000 முழுசா ரீஃபண்ட் வந்துருச்சு. ஸ்கூலுக்கு எழுதின லெட்டருக்கு பதில் இன்னும் வரல. இந்த மாசமும் 36,000தான் வந்திருக்காம், நேத்து சாயங்காலம் போன் பண்ணி சொன்னாங்க, ரெண்டாவது லெட்டர ரிஜிஸ்டர் தபால்ல போடலாம்னு டிராஃப்ட் எழுதிட்டிருக்கோம்.